உப்புக்கு நிறம் கிடையாது

திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஆறு இப்பவும் கலர் கலராத்தான் ஓடுதா?" என்பதுதான். தொண்ணூறுகளில் பத்திரிகைகளில் வந்த படங்கள் அவர்கள் மனதில் அப்படியே தங்கிவிட்டன. ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம், பண்டிகை ஆர்டர் ஓடும் மாதங்களில் கறுப்பு. அந்தப் படங்களில் பொய் ஒன்றும் இல்லை. ஊருக்குள் ஓடும் ஜம்மனை ஓடையின் நிறத்தைப் பார்த்தே இந்தப் பருவத்தில் எந்த ஷேடுக்கு கிராக்கி என்று சொல்லிவிடக்கூடிய மாஸ்டர்கள் எங்களிடம் இருந்தார்கள்.

ஆனால் எங்கள் நொய்யல் ஆற்றுக்கு வந்த கேடுகளில் நிறம்தான் எளிதில் தீர்க்கக்கூடியது. நிலத்தையும் கிணற்றையும் உண்மையில் கெடுத்ததற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது உப்பு. இதை ஒப்புக்கொண்டு அதற்கு வழி தேட எங்கள் ஊருக்கு ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது. அந்த இருபது வருடமும் சாயத் தொட்டிப் பக்கமும் சுத்திகரிப்புத் தொட்டிப் பக்கமும் நின்றவன் என்ற முறையில், நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எண்பதுகளின் நடுவில் வேதியியல் பட்டத்தோடு ஒரு பட்டறையின் லேபில் சேர்ந்தேன். லேப் என்றால் ஒரு மேசை, ஒரு தராசு, நாலைந்து பீக்கர், ஒரு ஸ்டவ். வாங்குபவர் அனுப்பிய துண்டுத் துணிக்கு ஏற்றபடி ஷேடு பிடித்துக் கொடுப்பது என் வேலை. கழிவு நீரைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. 1974லேயே தண்ணீர்ச் சட்டம் வந்துவிட்டது. 1982ல் மாநிலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வந்தது. 1989ல், ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாக மாசு தரும் தொழில் தொடங்கக் கூடாது என்று அரசாணையும் வந்தது. பட்டறைகளோ ஆற்றை ஒட்டியும் ஓடைகளை ஒட்டியும்தான் முளைத்தன. தண்ணீர் எடுக்கவும் வசதி, விடவும் வசதி.

பட்டறையில் முதல் வேலை சலவை. துணியில் இருக்கும் பஞ்சு மெழுகையும் பழுப்பையும் எடுக்காமல் சாயம் ஏறாது. சிமென்ட் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து இரவு முழுக்கத் துணியை ஊறவைப்பார்கள். காலையில் ஆட்கள் வெறுங்காலோடு இறங்கி மிதித்துப் புரட்டுவார்கள். அப்புறம் அமிலத் தொட்டி, அப்புறம் அலசல். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும், கண் எரிந்து நீர் வடியும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு முறை வந்தபோது இந்தக் கொடுமை பெருமளவு குறைந்தது. குளோரினும் அதனால் உண்டாகும் நச்சும் கழிவிலிருந்து குறைந்தன. ஒரு ரசாயனத்தை மாற்றியதால் தொழிலாளியின் காலுக்கும் ஓடைக்கும் சேர்ந்தே நன்மை கிடைத்ததை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

அடுத்தது சாயம். இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பனியன் துணி பருத்தி. பருத்திக்கு ஏற்றது ரியாக்டிவ் சாயம். இந்தச் சாயத்துக்குத் தண்ணீரில் இருப்பதுதான் பிடிக்கும், தானாக நூலுக்குப் போகாது. தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் தண்ணீரை விட்டு நூலை நாடும். அதன்பின் சோடா ஆஷ் போட்டால் நூலோடு ஒட்டிக்கொள்ளும். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராம், கறுப்புக்கு 80 கிராம் வரை உப்பு போகும். அன்று எங்களிடம் இருந்தது வின்ச் என்ற சாய எந்திரம். ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 100 கிலோ துணிக்கு 2,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் என்றால் 120 கிலோ உப்பு. துணியின் எடையைவிட உப்பின் எடை அதிகம்!

அந்த உப்பில் துணியோடு போவது எவ்வளவு? ஒன்றும் இல்லை. சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. போட்ட 120 கிலோவும் சாயத் தண்ணீரிலும் அதை அடுத்து வரும் அலசல் தண்ணீரிலுமாக வெளியே போய்விடும். சாயத்திலாவது பாதிக்கு மேல் துணியில் நிற்கும், உப்பில் ஒரு பிடிகூட நிற்காது. பட்டறை வாசலில் காலையில் லாரியில் இறங்கிய உப்பு மூட்டை அன்று இரவுக்குள் ஓடையில் இருக்கும். தினமும் கண்முன் நடந்தது இது. மூட்டை தூக்கிய ஆளுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும், கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உப்பு என்பது சமையலறைப் பொருள், அதனால் என்ன கெட்டுவிடும் என்ற நினைப்பு எல்லோரிடமும் இருந்தது.

தொண்ணூறுகளில் ஏற்றுமதி பெருகப் பெருக, பட்டறைகளும் தெருத் தெருவாகப் பெருகின. அந்தச் சமயத்தில் நடந்த ஒன்றை எப்போதும் நினைத்துக்கொள்வேன். 1990களின் நடுவில் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. புற்றுநோய் உண்டாக்கும் அமீன்கள் அவற்றிலிருந்து வரும் என்பது காரணம். ஊரே பதறியது. லேப்களுக்குப் புதுக் கருவிகள் வந்தன. சாயக் கம்பெனிகளிடம் சான்றிதழ் கேட்டு வாங்கினோம். சில மாதங்களில் அந்தச் சாயங்கள் புழக்கத்திலிருந்து போயின. வாங்குபவர் கறாராகக் கேட்டால் இந்த ஊரால் எதையும் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவர்கள் கேட்டது துணியைப் பற்றி. அந்தத் துணியைத் தோய்த்த தண்ணீர் எங்கே போகிறது என்று அன்று எந்த வாங்குபவரும் என்னிடம் கேட்டதில்லை.

1992ல் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம், அதில் பெரும்பகுதி கீழே கரூர்ப் பக்கம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வரும் தண்ணீர் அங்கே தேங்கி வயலுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். வந்து தேங்கியதோ எங்கள் பட்டறைகளின் தண்ணீர். சில வருடங்களிலேயே அந்த அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம், திறந்து விட்டுவிடுங்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டுப் போராடுகிற நாட்டில், தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நான் சாய லேபிலிருந்து சுத்திகரிப்புப் பக்கம் மாறினேன். பட்டறைகள் தனியாகவோ, பல பேர் சேர்ந்து பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும் என்று உத்தரவுகள் வந்திருந்தன. அதில் நடந்த வேலை இதுதான். கழிவை ஒரு பெரிய தொட்டியில் சேர்த்துக் கலக்குவோம். சுண்ணாம்புப் பாலும் பெரஸ் சல்பேட்டும் விடுவோம். தொட்டியில் பச்சையும் கறுப்புமாகத் திரி திரியாகக் கட்டி, சாயத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். மேலே நிற்கும் தண்ணீரை மணல் வடிகட்டியிலும் கரி வடிகட்டியிலும் விட்டால் தெளிந்து வரும். அடியில் இறங்கிய சேற்றைப் பிழிந்து காயவைத்து மூட்டை கட்ட வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் செய்து காட்டியது ஒரு பீக்கர் சோதனை. ஒரு லிட்டர் கருநீலக் கழிவை எடுத்துக்கொள்வேன். மின்கடத்தல் மீட்டரை விட்டுப் படிக்கச் சொல்வேன். கரைந்த உப்பு எவ்வளவு என்பதற்கு அது நல்ல கணக்குத் தரும், லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சுண்ணாம்பு, பெரஸ் விட்டுக் கலக்குவேன். சிறிது நேரத்தில் திரி கட்டும், இறங்கும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். பையன்கள் முகத்தில் மலர்ச்சி வந்துவிடும். "இப்ப மறுபடியும் மீட்டரை விட்டுப் படி" என்பேன். மீட்டர் அதே இடத்தில் நிற்கும், சில நேரம் முன்னைவிடக் கூடக் காட்டும். நாம் விட்ட சுண்ணாம்பும் சல்பேட்டும் அதில் சேர்ந்திருக்கின்றன அல்லவா? வாரியம் வைத்த வரம்பு 2,100 மில்லிகிராம். அந்தத் தெளிந்த தண்ணீர் வரம்பைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கழிவிலிருந்து போனது நிறம் மட்டும்தான், போட்ட உப்பு முழுசும் அதிலேயே இருக்கிறது.

அன்றைய நிலையங்கள் எல்லாமே இப்படித்தான் இருந்தன. கோடிக்கணக்கில் பணம் போட்டுக் கட்டினோம், உண்மையாகவே உழைத்து ஓட்டினோம். அவற்றால் உப்பை எடுக்க முடியாது, ஏனென்றால் உப்பை எடுப்பதற்கான எந்த அமைப்பும் அவற்றில் இல்லை. பார்வையிட வருகிறவர்கள் கடைசித் தொட்டியில் கண்ணாடி டம்ளரை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், திருப்தியோடு போவார்கள். ஊரில் நாளுக்கு 8 கோடி லிட்டருக்கு மேல் சாயக்கழிவு வந்த காலம் அது. லிட்டருக்கு 6 கிராம் என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 480 டன் உப்பு. பத்து டன் லாரியில் ஏற்றினால் 48 லாரி. அத்தனையும் தெளிந்த தண்ணீரில் கரைந்து, யார் கண்ணிலும் படாமல், தினமும் நொய்யலில் இறங்கியது.

அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்க ஒரு முறை ஒரத்துப்பாளையம் பக்கம் போனோம். கிணற்று நீர் மாதிரி எடுக்கும் வேலை. ஒரு பெரியவர் தோட்டம். மஞ்சளும் வாழையும் நின்ற பூமி என்றார்கள், அப்போது பாதி வெறுமனே கிடந்தது. சொட்டையாகப் போன தென்னைகள், ஓரம் கருகின ஓலை. வாய்க்கால் கரையில் வெள்ளை பூத்திருந்தது. பெரியவர் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொண்டுவந்து நீட்டினார்.

"தம்பி, சாயத்தையெல்லாம் எடுத்துப்போட்டோம்னு உங்க ஊர்ல சொல்றாங்களாமா. நெசந்தானுங்க, தண்ணி கண்ணாடியாட்டத்தான் இருக்குது. வாயில வெச்சுப் பாருங்க."

வைத்தேன், விழுங்க முடியவில்லை. "எங்க எளநியே உப்புக் கரிக்குதுங்க தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுக்கிறது, குடித்தால் கழிகிறது, சினை நிற்பதில்லை என்று அவர் மனைவி உள்ளிருந்து சொன்னார்.

அந்த மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பிறகு மண் பரிசோதனைத் தாள்களில் படித்துப் புரிந்துகொண்டேன். உப்பில் உள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்துவிடும். ஈரமாக இருந்தால் குழைந்து நீர் இறங்காது, காய்ந்தால் பாறையாக இறுகும். வேரைச் சுற்றி உப்பு அதிகமானால் பக்கத்தில் தண்ணீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. பயிர் நனைந்த நிலத்தில் நின்றபடியே வாடும். குளோரைடு இலைக்குப் போய் ஓரத்தைக் கருக்கும். நிறம் மண்ணின் மேலாக நின்றுவிடும், நாளாக நாளாக வெளுக்கவும் செய்யும். உப்பு அப்படிச் சிதைந்து போவதில்லை. தண்ணீரோடு இறங்கி நிலத்தடிக்குப் போய், கிணற்றில் ஏறி, அதே வயலுக்குப் பாசனமாகத் திரும்பி வரும். வெயிலில் தண்ணீர் ஆவியாக, அங்கேயே மேலும் சேரும். நல்ல மழை பல வருடம் தொடர்ந்து பெய்து அலசினால்தான் குறையும். நொய்யல் படுகையோ மழை மறைவுப் பகுதி.

கீழே இருந்தவர்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். திருப்பூரின் சொந்தக் கிணறுகளும் சாயத்துக்கு உதவாமல் போயின. தண்ணீர் கடினமாக இருந்தால் சாயம் சீராக ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிராமக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வாங்கினோம். விடிய விடிய லாரி ஓடும். விவசாயம் செய்வதைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்று பயிர் நிறுத்தியவர்கள் உண்டு. அந்தக் கிணறுகளும் வற்றிக்கொண்டே போயின. பிறகு 2000களின் நடுவில் காவிரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தன் ஆற்றைக் கெடுத்துக்கொண்ட ஊர் இன்னொரு ஆற்றிலிருந்து காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டி வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரின் பில்லைப் பார்த்த பிறகுதான் பல முதலாளிகள் தண்ணீரை அளந்து செலவழிக்கத் தொடங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது, அதற்கான ஏற்பாட்டை 2007 ஜூலைக்குள் செய்து முடிக்க வேண்டும், அதுவரை விடுகிற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் என்றது. பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்து மூன்று மாத அவகாசம் கொடுத்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1996லேயே பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டுக்கே சட்டமாக்கிவிட்டது. வேலூர்க்காரர்கள் போட்ட அந்த வழக்குதான் எங்கள் ஊருக்கும் வழி போட்டது.

எந்திரங்கள் வந்துகொண்டிருந்தன, ஆனால் வேலை முடியவில்லை. சவ்வு வடிகட்டிகள் வைத்தார்கள், அதிலிருந்து ஒதுக்கி வரும் செறிந்த உப்புநீரை என்ன செய்வது என்ற இடத்தில் பல நிலையங்கள் நின்றன. ஆவியாக்கும் எந்திரம் போதவில்லை, போட்டதும் அடிக்கடி அடைத்துக்கொண்டது. மழை பெய்யும் இரவுகளில் யாரோ எங்கோ மதகைத் திறந்தார்கள். 2011 ஜனவரி 28ந் தேதி, நீதிமன்ற அவமதிப்பு மனுவில் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அந்த மாதங்கள் கொடுமையானவை. வின்ச் ஓட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், தைக்கிற பெண்கள் எல்லோர் பிழைப்பும் அடிபட்டது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். வாடகை கொடுக்க முடியாமல் குடும்பம் குடும்பமாகத் தெற்கு மாவட்டங்களுக்குத் திரும்பிப் போனார்கள். நீதிமன்றம் தொழிலை அழித்துவிட்டது என்று பலர் பேசினார்கள், இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கருத்து இல்லை. கீழே இருந்த விவசாயிகளின் தொழில் அதற்குப் பல வருடம் முன்பே நின்றுபோயிருந்தது. அவர்கள் நிலத்துக்கு மின்சாரத் துண்டிப்பு உத்தரவு எதுவும் வரவில்லை, அதனால் அது செய்தியாகவில்லை. அந்த உத்தரவு வராமல் இருந்திருந்தால் இன்றும் சுண்ணாம்பும் பெரஸும் விட்டு, தெளிந்த உப்புநீரை ஆற்றில் விட்டுக்கொண்டிருப்போம்.

அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்களைத் திருத்திக் கட்டி, ஒவ்வொன்றாகச் சோதனை ஓட்டம் பார்த்துத் திறந்தார்கள். இப்போது ஒரு பொது நிலையத்தில் நடப்பது இது. முதலில் நுண்ணுயிர்த் தொட்டி. காற்று ஊட்டி வளர்த்த பாக்டீரியாக்கள் கழிவில் உள்ள கரிமப் பொருளைத் தின்றுவிடும். சுண்ணாம்புச் சேறு இதனால் வெகுவாகக் குறைந்தது. பிறகு மிச்ச நிறத்தை எடுக்கிறோம், நுண்வடிகட்டல், அப்புறம் ஆர்.ஓ. நூறு லிட்டரில் 85 முதல் 90 லிட்டர் நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பிப் போகிறது. மீதியுள்ள செறிந்த உப்புநீரை ஆவியாக்கி உப்பாக எடுக்கிறோம். ஆவியாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும், பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். ஆற்றுக்குப் போன கேட்டைத் தடுக்க இன்னோர் இடத்தில் காட்டையும் காற்றையும் செலவழிக்கிறோம் என்பதை மறைக்க முடியாது.

இந்த வேலைகளில் நான் மிகவும் மதிக்கிற மாற்றம் ஒன்று உண்டு. அருள்புரம் நிலையத்தில் செறிந்த உப்புநீரை முழுக்கக் காய்ச்சி உப்பாக்காமல், நிறமும் கடினத்தன்மையும் நீக்கி உப்புநீராகவே பட்டறைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சாயம் போட எப்படியும் உப்புநீர்தானே வேண்டும்? மாஸ்டர்கள் முதலில் நம்பவில்லை. ஷேடு மாறிவிடும், லாட் திரும்பி வந்தால் யார் பொறுப்பு என்றார்கள். சின்னத் துண்டில் சாயம் போட்டு, பழைய முறையில் போட்டதோடு பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். புது உப்பு வாங்குவதும் குறைந்தது, காய்ச்சும் செலவும் குறைந்தது.

பட்டறைக்கு உள்ளே நடந்த மாற்றம் இதைவிடப் பெரிது, ஆனால் யாரும் அதைப் பேசுவதில்லை. வின்ச் போய் சாஃப்ட் ஃப்ளோ எந்திரங்கள் வந்தன. ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் போதும். முன்பு சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள். 100 கிலோ துணிக்கு 600 லிட்டர், லிட்டருக்கு 60 கிராம் என்றால் 36 கிலோ உப்பு. 120 கிலோ போன இடத்தில் 36 கிலோ. அதே நிறம், அதே துணி. குறைந்த உப்பில் ஏறும் சாயங்களும் வந்துவிட்டன. உப்பே இல்லாமல் சாயத்தில் நனைத்துப் பிழிந்து, உருளையில் சுற்றி மணிக்கணக்கில் சுழலவிடும் குளிர்முறையும் இருக்கிறது. எல்லா ஆர்டருக்கும் அது ஒத்துவராது, ஒத்துவருகிற இடத்திலும் பழக்கத்தை விட மனம் வராமல் பலர் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால், சுத்திகரிப்பு நிலையத்தில் போடுகிற ஒரு கோடி ரூபாயைவிட, சாயத் தொட்டியில் உப்பைக் குறைக்கப் போடுகிற ஒரு கோடி ரூபாய் ஆற்றுக்கு அதிகம் உதவும். தண்ணீரில் கரைந்த பிறகு உப்பைப் பிரிப்பது படாதபாடு, கரைக்காமல் விடுவது சுலபம்.

இந்த வேலையின் ஆபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சாயக்கழிவில் சல்பேட் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத சேகரிப்புத் தொட்டியில் கழிவு நாள்கணக்கில் தேங்கினால், அடியில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை இல்லை, இறங்கலாம் என்று இறங்கியவர் அடியில் விழுவார். காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். கொங்கு மண்டலத்தில் சாய ஆலைத் தொட்டிகளில் இப்படி இறந்தவர்கள் பலர், பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்த இளம் வயதுக்காரர்கள். நான் பொறுப்பில் இருந்த இடங்களில் மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவதில்லை என்பதை விதியாக வைத்திருந்தேன். எந்திரத்தால் இறைக்க நேரம் ஆகும், செலவு ஆகும், உற்பத்தி நிற்கும். நிற்கட்டும் என்றுதான் சொன்னேன். தண்ணீர் மாசு என்று பேசுகிறவர்கள் ஆற்றையும் மீனையும் சொல்கிறார்கள், அந்தச் சேற்றை அள்ளுகிறவனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று நொய்யலைப் பார்த்தால் என்ன தெரியும்? நுரை தெரியும், சாக்கடை வாடை அடிக்கும். கோவையிலிருந்தே வீட்டுக் கழிவு நீர் ஆற்றில் சேர்ந்துகொண்டு வருகிறது. திருப்பூரிலும் வளர்ந்த தெருக்களின் சாக்கடை ஓடைகளில்தான் விழுகிறது. சோப்பும் டிடர்ஜென்ட்டும் மழைத் தண்ணீரோடு கலந்து அணைக்கட்டுகளில் விழும்போது மலைபோல் நுரை எழும்புகிறது. உடனே சாயக்காரன் திறந்துவிட்டான் என்பார்கள். சில நேரம் அது உண்மை, அனுமதி இல்லாமல் சந்து பொந்துகளில் ஓடும் சின்னப் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன, இங்கே இடித்தால் அடுத்த மாவட்டத்து ஆற்றங்கரையில் முளைக்கின்றன. பல நேரம் அது நம் எல்லோர் வீட்டுச் சாக்கடை. சாக்கடையைத் திருத்துவது சாயக்கழிவைவிடச் சுலபம், ஏனென்றால் அதில் உள்ள பெரும்பகுதியை நுண்ணுயிரே தின்று தீர்க்கும். ஒவ்வொரு ஓடையும் ஆற்றில் விழும் இடத்துக்கு முன்னால் அதை மறித்துச் சுத்திகரிக்க வேண்டும். கட்டிய நிலையங்களுக்கு வருடா வருடம் ஓட்டும் செலவு ஒதுக்க வேண்டும். கட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது, திறப்பு விழாவும் நடக்கிறது, மூன்றாவது வருடம் மோட்டார் பழுதானால் பார்க்க ஆள் இருப்பதில்லை. நான் பார்த்த நிலையங்களில் தொழில்நுட்பம் தோற்றதைவிடப் பராமரிப்பு தோற்றதுதான் அதிகம்.

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள் இன்று பல ஊர்களில் நிலையங்களை ஓட்டுகிறார்கள். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். நிலையத்தின் வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். இந்த மாதம் உறுப்பினர் பட்டறைகள் புது உப்பாகவும் உப்புநீராகவும் சாயத் தொட்டியில் போட்ட உப்பு மொத்தம் எத்தனை டன், உப்புநீராகத் திருப்பிக் கொடுத்தது எத்தனை, உப்பாக எடுத்து மூட்டை கட்டியது எத்தனை என்று எழுதுங்கள். முதல் எண்ணும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் மீதி எங்கே போயிருக்கும் என்று சொல்ல எந்தப் பரிசோதனைக் கூடமும் தேவையில்லை. கீழ்ப்பகுதிக் கிராமத்துக்காரர்களையும் வருடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு அந்தப் பலகையைக் காட்டுங்கள். அவர்கள் கிணற்றுத் தண்ணீரையும் அவர்கள் முன்னாலேயே மீட்டர் வைத்து அளந்து கொடுங்கள். மீட்டர் சட்டைப் பையில் அடங்கும், விலையும் அதிகமில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. பல வகை உப்பும் சாய மிச்சமும் சேர்ந்து கிடைக்கும் கலப்பு உப்பை எதற்கும் பயன்படுத்த முடிவதில்லை. அது மூட்டை மூட்டையாக நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. கூரை ஒழுகினால், ஒரு பெரிய மழைக்கு மூட்டை கரைந்தால், அது போகிற இடம் நொய்யல்தான். அதற்கு வழி கண்டுபிடிக்கிற வரை எங்கள் ஊரில் கழிவு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம்.